கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் தூக்கமும் மனச்சோர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையின் எடையைக் கேட்பார்கள், பால் ஊறுகிறதா என்று கேட்பார்கள், சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று கேட்பார்கள். நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று பெற்றவளிடம் கேட்பவர் அபூர்வம். அவள் மனம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட எளிய கேள்வி கிடையாது.

கர்ப்பிணிகள், இளம் தாய்மார்கள், அவர்களுடைய கணவர், அம்மா, மாமியார் எல்லோரும் கேட்கிற கேள்விகள் இங்கே இருக்கின்றன. பதில்கள் பொதுவானவை. உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதே முதன்மை.

உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினாலோ, யாரும் இல்லாதபோது குரல் கேட்டாலோ, இதற்கு மேல் படிக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை உடனே கூப்பிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (இந்திய அரசின் மனநல உதவி எண்) இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஆபத்து நெருக்கத்தில் இருந்தால் 108. இலங்கையில் இருப்பவர்கள் 1926ஐ அழைக்கலாம்.

முதல் மூன்று மாதம் உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. இப்போது எட்டாம் மாதம், கண்ணே மூட முடியவில்லை. இது சகஜமா?

சகஜம்தான். ஆரம்பத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுவதால் பகலிலும் தூக்கம் தள்ளும். கடைசி மூன்று மாதத்தில் நிலைமை தலைகீழாகிவிடும். கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்தும், நெஞ்செரிச்சல் வரும், இடுப்பு வலிக்கும், நாம் படுத்த பிறகுதான் குழந்தை உதைக்க ஆரம்பிக்கும். இரவில் நான்கைந்து முறை எழுந்திருப்பது அந்தக் கட்டத்தில் பெரிய விஷயம் இல்லை.

இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், படுப்பதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். நெஞ்செரிச்சல் இருந்தால் தலைமாட்டை உயர்த்துங்கள். தண்ணீரைப் பகலில் நன்றாகக் குடித்துவிட்டு இரவில் குறைத்துக்கொள்ளலாம். காபி நாளைக்கு இரண்டு சின்ன டம்ளரோடு நிற்கட்டும், அதுவும் மதியத்துக்கு முன்பே.

எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வந்த பிறகு மறுபடி தூக்கம் பிடிக்கிறதா என்பதைக் கவனியுங்கள். பிடித்தால் கவலை வேண்டாம். மணிக்கணக்கில் விழித்துக் கிடந்து, மனம் ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்றால், அதைச் செக்கப்புக்குப் போகும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இடது பக்கம்தான் படுக்க வேண்டுமா? விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறேன், பயமாக இருக்கிறது.

28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்துத் தூங்கப் போவது நல்லது. மல்லாந்தால் கருப்பையின் எடை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். இடது பக்கமோ வலது பக்கமோ, உங்களுக்கு எது வசதியோ அது போதும். தூக்கத்தில் புரண்டிருந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். புரண்டுவிடுவோமோ என்று பயந்து ராத்திரி முழுக்க விழித்திருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை வீட்டில் யாரும் கூட்டிவிட வேண்டாம்.

ராத்திரி படுத்தால் காலுக்குள் என்னவோ ஊருகிற மாதிரி இருக்கிறது. உதறினாலோ நடந்தாலோதான் அடங்குகிறது.

இது கெண்டைக்கால் பிடிப்பு அல்ல. காலை அசைத்தே ஆக வேண்டும் என்று தோன்றும் தனிப் பிரச்சினை. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலோருக்குப் பிரசவமானதும் தானாகப் போய்விடும். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதனால் இதை "கால் குடைச்சல்தானே" என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபினைப் பாருங்கள். முடிந்தால் உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அரசு கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள் சாப்பிட வேண்டியது. பிள்ளை பிறந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும்.

குறட்டை புதிதாக வந்திருக்கிறது. இதையும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்கும் பலமான குறட்டைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைக் கணவர் கவனித்திருந்தால் அவரும் கூடவே வந்து சொல்லட்டும். இன்னொன்றும் இருக்கிறது: இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்துத் தூக்கம் போகிறது என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். கல்லீரலில் பித்தம் தேங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மனச்சோர்வு என்பது குழந்தை பிறந்த பிறகு வருவதுதானே? கர்ப்பத்திலேயே வருமா?

வரும். பிரசவத்துக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் மனச்சோர்வில் கணிசமான பங்கு கர்ப்பத்திலேயே தொடங்கியதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கும், பிரசவித்தவர்களில் 19.8 சதவீதம் பேருக்கும் மனநலப் பாதிப்பு ஏற்படுகிறது. அதில் முக்கியமானது மனச்சோர்வு. கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவத்துக்கும் குழந்தையின் எடை குறைவதற்கும் வாய்ப்பு கூடுகிறது.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மசக்கையில் சாப்பாடு இறங்காது, உடம்பு அசத்தும், தூக்கம் கெடும். மனச்சோர்வின் அடையாளங்களும் இவையேதான். அதனால் உடம்பை விட்டுவிட்டு மனதைக் கேட்டுப் பாருங்கள். முன்பு பிடித்த ஒன்று, பாட்டோ கோலமோ தங்கையோடு போன் பேசுவதோ, இப்போதும் கொஞ்சமாவது பிடிக்கிறதா? வளைகாப்பு அன்று எல்லோரும் சிரிக்கும்போது, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்ததா? நான் நல்ல அம்மாவாக இருக்க மாட்டேன், என்னால் எல்லோருக்கும் பாரம் என்ற நினைப்பு நாள் தவறாமல் வருகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அதற்கு மசக்கையைக் காரணம் சொல்ல முடியாது.

தூக்கம் கெட்டதால் மனச்சோர்வு வந்ததா, மனச்சோர்வால் தூக்கம் கெட்டதா?

இரண்டும் நடக்கும். ஒன்று இன்னொன்றை வளர்க்கும். எது முதலில் வந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, இரண்டையும் சேர்த்தே சரிசெய்யலாம். தூக்கத்தை மீட்டால் மனம் கொஞ்சம் நிமிர்கிறது, மனச்சோர்வுக்குச் சிகிச்சை தொடங்கினால் தூக்கம் சீராகிறது. "எல்லாத் தாய்க்கும் தூக்கம் கெடத்தான் செய்யும்" என்று சொல்லி ஒதுக்குகிறார்களே, அந்தப் பேச்சுதான் பல பெண்களைச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் தாமதமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது.

என் மகளுக்குப் பிரசவமாகி நாலாம் நாள். காரணமே இல்லாமல் அழுகிறாள், அப்புறம் தானே சிரிக்கிறாள்.

குழந்தை பிறந்ததும் ஹார்மோன்கள் சரேலென்று இறங்குகின்றன. அதே நாட்களில் பால் கட்டுகிறது, தையல் வலிக்கிறது, தூக்கம் இல்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கும் இந்த அழுகை, பிரசவித்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வருகிறது. பத்து நாளில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மருந்து தேவையில்லை. "பச்ச உடம்புக்காரி அழக் கூடாது" என்று அதட்டாமல் பக்கத்தில் இருங்கள். வருகிறவர் போகிறவர் கூட்டத்தைக் குறையுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

குழந்தை தூங்குகிறது. என்னால்தான் தூங்க முடியவில்லை. களைப்பு உயிரை எடுக்கிறது, படுத்தால் கண் மூடவில்லை.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

பச்சைக் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. இரவு பகல் வேறுபாடு அதற்குப் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தாயின் தூக்கம் கெடுவது குழந்தையால். அப்படிப்பட்ட தாயிடம் குழந்தையை வாங்கிக்கொண்டு "நீ போய்ப் படு" என்றால், தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிடுவாள். அது வெறும் களைப்பு.

குழந்தையை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துக் கொடுத்த பிறகும் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, குழந்தை மூச்சு விடுகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கத் தோன்றுகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அதோடு சரி என்றால், அது களைப்பைத் தாண்டிய விஷயம். மனச்சோர்வாகவோ பதற்ற நோயாகவோ இருக்கலாம். தூங்க வாய்ப்பு இருந்தும் தூக்கம் வராதது ஒரு வாரம் நீடித்தாலே மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மூன்று இரவு ஒரு பொட்டுத் தூக்கமும் இல்லையென்றால் அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

எதிர்மாறாக, நாள் முழுக்கப் போர்த்திக்கொண்டு படுத்தே கிடக்கிற மனச்சோர்வும் உண்டு. அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். அது என்ன?

எடின்பரோ அளவுகோலாக இருக்கும். ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பட்டு 1987இல் வெளியானது. தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாள் மனநிலையைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையாகப் பரிசோதிக்கச் சொல்வார்கள். சில இடங்களில் 10 வந்தாலே பேசிப் பார்ப்பார்கள்.

பிள்ளை பெற்ற எவருக்கும் இருக்கும் களைப்பையும் பசிக் குறைவையும் பற்றி அந்தத் தாளில் கேட்பதில்லை. தூக்கத்தைப் பற்றிக் கேட்பதும் எப்படியென்றால், மனம் வருந்தித் தூக்கம் போயிற்றா என்றுதான். கடைசிக் கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால் அன்றைக்கே பேச வேண்டும். மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது யாரும் இதை உண்மையாக நிரப்ப மாட்டார்கள். தனியாக உட்கார இடம் கேளுங்கள், நர்ஸ் தருவார்.

பிரசவித்தவள் பகலில் தூங்கினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று அம்மா எழுப்பிவிடுகிறார்.

அம்மா அக்கறையில்தான் சொல்கிறார். அவருக்கும் அவர் அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் பகல் தூக்கத்தால் உடம்பில் நீர் கோக்காது, குழந்தைக்குச் சளியும் பிடிக்காது. இரவில் ஆறு முறை எழுந்தவளுக்குப் பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கக் கிடைப்பது பத்தியச் சாப்பாட்டைவிடப் பெரிய மருந்து. பூண்டுக் குழம்பும் லேகியமும் எண்ணெய்க் குளியலும் தொடரட்டும், அவற்றோடு சண்டை வேண்டாம். இந்த ஒரு விதியை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிக் கேட்காவிட்டால், அடுத்த முறை கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது அவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் எடுபடும்.

தீட்டு என்று தனி அறையில் தாயையும் குழந்தையையும் மட்டும் விடும் வீடுகள் இன்றும் உண்டு. ஓய்வு என்ற பெயரில் கிடைப்பது தனிமை. இரவு முழுக்க அவள் ஒருத்தியே எழுந்து எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. அந்த அறையில் துணைக்கு ஒருவர் படுத்தே ஆக வேண்டும்.

தாய்ப்பால் கொடுக்கிறவள் எப்படித் தொடர்ந்து தூங்க முடியும்?

எட்டு மணி நேரம் முடியாது. தொடர்ந்து நான்கு அல்லது ஐந்து மணி நேரம், இருபத்து நான்கு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை, முடியும். மனச்சோர்வு வந்தவர்களுக்கும் வரக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கும் இந்தத் தொடர்தூக்கம்தான் இலக்கு. பெரியவர்களின் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. மணிக்கொரு தரம் எழுப்பப்படுகிறவளுக்கு ஒரு சுற்றுகூட முழுதாக முடியாது. அப்படி எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் எழுந்திருக்கும்போது அடித்துப்போட்ட மாதிரிதான் இருக்கும்.

ஒரு வீட்டில் இப்படி வகுத்துக்கொள்ளலாம். எட்டரை மணிக்குப் பால் கொடுத்துவிட்டு ஒன்பதுக்குத் தாய் வேறு அறையில் போய்ப் படுக்கிறாள். போன் வெளியே. ஒன்பது முதல் ஒன்றரை வரை குழந்தை கணவர் கையிலோ பாட்டி கையிலோ. நடுவில் பசித்தால், முன்பே பீய்ச்சி மூடிவைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். பாட்டிகளுக்குப் பாலாடை புதிதல்ல. ஃபிரிட்ஜில் வைத்த பாலை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். ஒன்றரைக்கு மேல் தாயின் முறை. பால் நன்றாக ஊறி, குழந்தை சரியாகப் பிடித்துக் குடிக்க ஆரம்பித்த பிறகு இதைத் தொடங்குவது நல்லது. பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் அந்த நிலை வரும். தாய்க்கு ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், மருத்துவரோடு பேசி முன்பே தொடங்கலாம்.

பீய்ச்ச முடியாத வீட்டில், குழந்தையைத் தாயிடம் கொண்டுவந்து படுத்தவாக்கில் பால் கொடுக்க வைத்து, முடிந்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது, தூளி ஆட்டுவது இதெல்லாம் பெற்றவள்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒரு இரவில் இந்த வேலைகளுக்கே இரண்டு மணி நேரம் போகிறது.

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வலி மாத்திரையைத் தவிர்க்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றில் 45 பிரசவங்கள் ஆபரேஷன்தான். தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்து பால் கொடுக்கிற அத்தனை பேருக்கும் தூக்கம் இரட்டிப்பாகக் கெடுகிறது. மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரை பாலுக்கு ஏற்றதாகப் பார்த்துத் தந்ததுதான்.

குழந்தை தூங்க வேண்டும் என்று கசகசாவோ வசம்போ உரசி ஊற்ற வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தூக்கம் வரவழைக்கும் மருந்து சாப்பிட்டவரோ குடித்திருப்பவரோ குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது.

தாய்வீட்டில் நன்றாக இருந்தேன். அஞ்சாம் மாதம் புகுந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கமும் இல்லை, எதிலும் பிடிப்பும் இல்லை.

பிரசவ மனச்சோர்வு முதல் மாதத்தோடு முடிகிற விஷயம் அல்ல, ஓராண்டுக்குள் எப்போதும் தொடங்கலாம். நம் ஊரில் இந்த இடமாற்றம் அதிகம் கவனிக்கப்படாத ஒரு திருப்பம். ஒரே நாளில் கைமாற்றிக்கொள்ள அம்மா இல்லை, சமையல் திரும்ப வந்துவிடுகிறது, சிலருக்கு வேலைக்குப் போகும் நாளும் நெருங்குகிறது. குழந்தை வளர்ந்துவிட்டதே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரவில் அது இன்னும் மூன்று முறை எழுகிறது.

கூட்டிவருவதற்கு முன்பே, இரவு யார் குழந்தையைப் பார்ப்பது என்று கணவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பால் கறக்கும் வேளையும் பாத்திரம் துலக்கும் வேளையும் பேசி வைக்கப்படும் வீட்டில் இதையும் பேச முடியும். வந்த பிறகுதான் தெரிகிறது என்றால் இப்போதும் பேசலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பதால் நீங்கள் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவதும் பெண் என்று வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் மனச்சோர்வு வருமா?

வரும். தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் செய்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு, பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம் என்று கண்டது. அதற்கு வழிசெய்தவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கும்போது பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கர்ப்பத்தில் நேர்ந்த துன்பங்கள், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. இவற்றில் பாதி வீட்டில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. அந்த ஒரு உண்மையைக் கணவர் தன் வீட்டில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் அவளைத் தனியாக நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு காட்சி மனதில் வந்து பதறுகிறேன். நான் பைத்தியமா?

இல்லை. இப்படி அழைக்காமல் வந்து திகிலூட்டும் எண்ணங்கள் புதுத் தாய்மாரில் ஏராளமானவர்களுக்கு வருகின்றன, தூக்கம் குறையக் குறையக் கூடுகின்றன. அந்த எண்ணம் உங்களை நடுங்க வைக்கிறது, அதைத் தடுக்கத்தான் பார்க்கிறீர்கள். அப்படியிருந்தால் அதைச் செய்துவிடுவீர்கள் என்று அர்த்தமில்லை. மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள், அவருக்கு இது பழக்கமான விஷயம். எண்ணம் திகிலாக இல்லாமல் சரியென்று படத் தொடங்கினாலோ, யாரோ அப்படிச் செய்யச் சொல்வதுபோல் கேட்டாலோ, அது வேறு. அப்போது குழந்தையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரசவமாகி ஒரு வாரம். மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை, ஆனால் களைப்பே தெரியவில்லை. ஏதேதோ பேசுகிறாள், எங்கள் மேல் சந்தேகப்படுகிறாள். காத்து கருப்பு பட்டிருக்கும் என்கிறார்கள்.

இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் தீவிர மனநோயாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். முதலில் தெரிவது தூக்கம் வற்றிப்போவதுதான். அப்புறம் அளவுகடந்த உற்சாகம், குழப்பம், சந்தேகம், குரல் கேட்பது. காய்ச்சலும் இருந்தால் தொற்றாகவும் இருக்கலாம், அதுவும் அவசரமே. விபூதி பூசுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு. ஒரு நிமிடமும் தாயையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். சரியான சிகிச்சையில் இந்த நோயிலிருந்து பெண்கள் முழுமையாக மீள்கிறார்கள்.

மிகையான உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் முன்பே இருக்கும் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பிரசவத்துக்குப் பிறகு இது வரக்கூடும். அவர்களுக்குக் கர்ப்பத்திலேயே மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து திட்டம் போட வேண்டும். முதல் வார இரவுகளில் யார் கண்விழிப்பது என்பதும் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

மாத்திரை எடுத்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகச் சிறிய அளவே கலக்கின்றன. பால் கொடுப்பவர்களுக்கு முதலில் யோசிக்கப்படும் மருந்துகளில் அது ஒன்று. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். தேறிவிட்டோம் என்று தானாக நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. வலிப்புக்கும் இருதுருவ மனநோய்க்கும் தரப்படும் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும், அது கருவைப் பாதிக்கும்.

எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல் மிகையான உற்சாகத்தோடு இருந்திருக்கிறீர்கள் என்றால் மருந்து தொடங்கும் முன்பே அதைச் சொல்லுங்கள். மருந்தே மாறும். தூக்க மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்க வேண்டாம்.

மாத்திரை இல்லாமல் சரியாகுமா?

லேசான, நடுத்தர மனச்சோர்வு பேச்சுச் சிகிச்சையாலேயே தேறும். அதற்குப் பெரிய நிபுணர்தான் வேண்டும் என்பதும் இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டியை ஒட்டிய கிராமங்களில், பள்ளிப்படிப்பு படித்த பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். முடிவுகள் 2008இல் வெளியாயின. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அவர்கள் பேசிய தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு மிஞ்சியிருந்தது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 53 சதவீதம். நம் கிராம சுகாதாரச் செவிலியர்களால் முடியாத வேலை அல்ல இது. அரசு இதைக் கையிலெடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ரத்தப் பரிசோதனை ஏதாவது தேவையா?

தேவை. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12. பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு சுரப்பி வீங்கி முதலில் படபடப்பையும் தூக்கமின்மையையும், பிறகு மந்தத்தையும் சோர்வையும் கொடுப்பதுண்டு.

எங்கே போவது? மனநலப் பிரிவுக்குப் போனால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா?

பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. "தூங்கவில்லை" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடலாம். "தூங்க நேரம் இருந்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, இரண்டு வாரமாகிறது" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

பெரும்பாலோருக்குச் சேர்க்கை தேவைப்படாது, மருத்துவர் சொல்லும் நாளில் வந்து போனால் போதும். சேர்க்க வேண்டி வந்தாலும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிக விலக்கு. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறத் தனிப் பிரிவு இருக்கிறது.

கணவருக்கும் மனச்சோர்வு வருமா?

பத்தில் ஒருவருக்கு வருகிறது. ஆண்களிடம் அழுகையாகத் தெரிவதைவிட எரிச்சலாக, குடியாக, வீட்டுக்குத் தாமதமாக வருவதாகத் தெரியும். மனைவிக்கு இருந்தால் இவருக்கும் வாய்ப்பு கூடுகிறது. 14416 இவருக்கும்தான்.

முதல் பிரசவத்தில் வந்தது. அடுத்ததிலும் வருமா?

வர வாய்ப்பு அதிகம், வந்தே தீரும் என்றில்லை. கர்ப்பம் உறுதியானதும் முதல் செக்கப்பிலேயே முன்பு நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். முன்பு எந்த மருந்து கேட்டது என்ற சீட்டைக் கொண்டுபோங்கள். ஏழாம் மாதத்துக்குள் முதல் ஆறு வாரத்துக்கான இரவு முறையை எழுதி வைத்துவிடுங்கள்: எந்த நாள் யார், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. மூத்த குழந்தையை இரவில் யார் படுக்க வைப்பது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள், அது பலருக்குக் கடைசி நிமிடத்தில்தான் நினைவுக்கு வருகிறது.